தரிசு என்று எழுதப்பட்ட புல்: பழனி மலையில் காணாமல் போன புல்வெளிகள்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் பைன் காட்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை. வரிசை பிசகாமல் நெட்டநெடுக நிற்கும் மரங்கள், காலடிச் சத்தத்தை விழுங்கும் ஊசி இலை மெத்தை, நடுவில் கல்யாண ஜோடிகளை நிறுத்திப் படம் எடுக்கும் கேமராக்காரர்கள். இயற்கை என்றால் இதுதான் என்று தோன்றிவிடும். ஆனால் அங்கே ஐந்து நிமிடம் பேசாமல் நின்று தரையைப் பாருங்கள். உதிர்ந்த ஊசிகளுக்கு அடியில் பெரிதாக எதுவும் முளைத்திருக்காது. பறவைச் சத்தமும் குறைவாகத்தான் இருக்கும். பைன் இந்த மலையின் மரமே அல்ல. மனிதர்கள் கொண்டுவந்து நட்டது.

மலையுச்சி என்றால் மரம் அடர்ந்திருக்க வேண்டும் என்பது நம் மனதில் பதிந்துபோன படம். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் மேல்தளம் அப்படி இருந்ததில்லை. அங்கே பெரும்பரப்பு புல்தான். அந்தப் புல் போன விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். காட்டை வெட்டி ஊர் கட்டிய கதையாக இருந்தால் சொல்வது சுலபம். இது மரம் நட்டு ஒரு இயற்கையை அழித்த கதை. அதனாலேயே பல வருடம் இதை இழப்பென்று யாரும் கணக்கில் வைக்கவில்லை.

முன்பு இருந்த மலை

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீட்டிய கை மாதிரி கிடக்கிறது பழனி மலைத்தொடர். கொடைக்கானல் ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று போகப் போக மலை விரிகிறது. வந்தரவு சிகரம் 2,500 மீட்டரைத் தாண்டும்.

இந்த உயரத்தில் நிலம் இரண்டு விதமாகப் பிரிந்திருந்தது. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் சோலை. குட்டையான, முறுக்கிய, பாசி போர்த்திய மரங்கள். சோலைக்கு வெளியே சரிவுகளிலும் மேடுகளிலும் புல். சோலை முடிந்து புல் தொடங்கும் கோடு, கத்தியால் அறுத்த மாதிரி துல்லியமாக இருக்கும். சோலை என்ற நம் சொல்லைத்தான் உலகம் முழுக்க அறிவியலாளர்கள் அப்படியே எடுத்து ‘ஷோலா’ என்று எழுதுகிறார்கள். இங்கே மட்டுமே வாழும் ஒரு சிறு பறவை வகைக்கு 2017-இல் புதிய பேரினப் பெயர் வைத்தபோது ‘ஷோலிகோலா’ என்றார்கள். சோலையில் குடியிருப்பது என்று பொருள்.

புல்லுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. வெள்ளைக்கார வன அதிகாரிகளில் பலர், இதெல்லாம் ஒரு காலத்தில் காடாக இருந்து, மனிதர்கள் தீ வைத்து வைத்துப் புல்லாகிப் போனது என்று நம்பினார்கள். அப்படியானால் அது கெட்டுப்போன நிலம், மரம் நட்டால் சரியாகிவிடும். அரசுப் பார்வையில் அது ‘தரிசு’. நம் ஊரில் ஒரு நிலத்துக்குத் தரிசு என்று பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் அதற்கு எது நடந்தாலும் கேட்க ஆளிருக்காது.

அந்த நம்பிக்கை தவறென்று 1993-இல் தெளிவாகத் தெரிந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வு செய்தவர்களும் நீலகிரியின் சதுப்புகளில் படிந்துகிடந்த கரிமண்ணை அடுக்கடுக்காக ஆராய்ந்தார்கள். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும் முறை வேறு வேறு. அந்த வேறுபாடு மட்கிய மண்ணிலும் தங்கிவிடும். அதை வைத்துச் சுமார் 20,000 வருட வரலாற்றை வாசித்தார்கள். குளிர்ந்து வறண்ட காலங்களில் புல் விரிந்திருக்கிறது, ஈரமான காலங்களில் மரம் ஏறி வந்திருக்கிறது. இந்த மலைகளில் யாரும் கோடரியோ நெருப்போ எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே புல் இருந்திருக்கிறது. பழனி மலையும் அதே உயரம், அதே சோலை, அதே புல். ஆக, இது கெட்டுப்போன காடு இல்லை. இது தானாகவே ஒரு முழு வாழிடம்.

40 வருடத்தில் என்ன ஆனது

பழனி மலையின் மாற்றத்தை அளந்து சொன்ன ஆய்வு 2018-இல் வந்தது. அரசுமணி, திருப்பதியில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் (ஐசர்) ராபின் உள்ளிட்டோர் சேர்ந்து செய்தது. பழைய செயற்கைக்கோள் படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டு, மலையில் நேரில் நடந்து சரிபார்த்தார்கள். 40 வருடத்தில் இயற்கையான புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது. சோலையில் போனது 31 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேல்மலையில் காடு அழிகிறது என்று பேச்சு வரும்போதெல்லாம் எல்லோர் மனதிலும் வருவது சோலைதான். அதன் இழப்பும் பெரிதுதான். ஆனால் அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் போனது புல். ஒரு காலத்தில் மலையில் மிக அதிகமாக, தொடர்ச்சியாக விரிந்து கிடந்தது அதுதான். இன்று அதுதான் மிக அரிதாக, துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. அடுத்த வருடமே வந்த இன்னொரு ஆய்வு மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டது. 1973-க்கும் 2017-க்கும் இடையில் சுமார் 340 சதுர கிலோமீட்டர் புல்வெளி அந்நிய மரங்களுக்குக் கீழே போயிருந்தது. மொத்தத்தில் அது 23 சதவீதம். பழனி மலையின் அடி சராசரியைவிட எவ்வளவு பலமானது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

யார் நட்டார்கள், ஏன்

1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் என்ற வேல மர வகையும் தைல மரமும் முதலில் நீலகிரிக்கு வந்தன. நீலகிரிக்காரர்கள் வாட்டிலைச் சீகை என்பார்கள், தைல மரத்தைக் கற்பூர மரம் என்பார்கள். குளிருக்குக் கணப்பு வேண்டும், சோலை மரமோ மெதுவாக வளரும். சீக்கிரம் வளரும் விறகு கிடைத்தால் சோலை பிழைக்கும் என்பது ஒரு நியாயம். அந்த நியாயத்தில் பொய் இல்லை.

பெரிய அளவில் நட்டது சுதந்திரத்துக்குப் பிறகு. இதில் பலருக்கும் தெரியாத ஒரு கண்ணி உண்டு. கறுப்பு வாட்டில் மரத்தின் பட்டையில் தோல் பதனிடத் தேவையான துவர்ப்புச் சத்து நிறைய இருக்கிறது. திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர் என்று தமிழ்நாட்டின் தோல் தொழிலுக்கு அந்தப் பட்டை வேண்டியிருந்தது. அது தென் ஆப்பிரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கே இந்தியர்கள் நடத்தப்பட்ட விதத்தை எதிர்த்து 1946-இல் இந்தியா அந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்தியது. மனசாட்சியுள்ள முடிவு. ஆனால் பட்டை வேண்டுமே. நம் மலையிலேயே வளர்ப்போம் என்ற யோசனைக்கு அதனால் பலம் கூடியது. நட இடம்? சோலையை வெட்ட வேண்டியதில்லை, பக்கத்திலேயே ‘தரிசு’ கிடக்கிறது. நிறவெறிக்கு எதிரான ஒரு நல்ல முடிவின் நிழல் பழனி மலையின் புல் மேல் வந்து விழுந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

அதன்பின் கூழ்மரத் தேவை வந்தது. மரக்கூழிலிருந்து செயற்கை இழை செய்த சிறுமுகை விஸ்கோஸ் ஆலை போன்ற தொழில்களுக்குத் தைல மரமும் வாட்டிலும் மூலப்பொருளாயின. ஐந்தாண்டுத் திட்டங்களில் மேடு மேடாக நடவு நடந்தது. பைனும் சேர்ந்துகொண்டது.

அப்புறம் காலம் மாறியது. தோல் பதனிடக் குரோமியம் வந்தது. சிறுமுகை ஆலை மூடப்பட்டது. காட்டைத் தொழிற்சாலையின் மூலப்பொருளாகப் பார்க்கக் கூடாது என்று 1988 தேசிய வனக் கொள்கை சொன்னது. 2013-இல் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பில் கொடைக்கானல் வன உயிரின சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல செய்திகள். ஆனால் மொத்தமாகச் சேர்ந்தபோது நடந்தது வேறு. வெட்டுகிற கை நின்றது, மரம் பரவுவது நிற்கவில்லை. நட்ட வாட்டில் பெரிதாகி விதை கொட்டியது. வேலி தாண்டி, சாலை தாண்டி, யாரும் நடாத புல்மேடுகளில் ஏறத் தொடங்கியது.

வாட்டில் எப்படி ஜெயிக்கிறது

சோலை மரம் ஏன் தானாகப் புல்லுக்குள் வரவில்லை, வாட்டில் மட்டும் எப்படி வருகிறது? இதற்கான பதில் பனியில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெட்டவெளிப் புல் உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். சோலைக்குள் மரக்கூரை இருப்பதால் தரை அவ்வளவு குளிர்வதில்லை. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரும் நீலகிரியில் இதை நட்டுப் பார்த்தே சோதித்தார்கள். சோலைக் கன்றுகளையும் வாட்டில் கன்றுகளையும் புல்வெளியில் வைத்தார்கள். சோலைக் கன்றுகளில் பெரும்பாலானவை உறைபனியில் கருகின. வாட்டில் தாங்கி நின்றது.

அதாவது புல்லுக்கும் சோலைக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வருடமாகக் காவல் நின்றது உறைபனி. அந்தக் காவலைத் தாண்டத் தெரிந்த ஒரு மரத்தை நாமே கொண்டுவந்து விட்டோம். இதற்கு மேல் உலகம் வேறு சூடாகிக்கொண்டு வருகிறது. இரவுகள் வெதுவெதுப்பாகி உறைபனி குறைந்தால் காவல் இன்னும் தளரும். நிலத்தை மாற்றியதும் வானிலையை மாற்றியதும் வேறு வேறு தவறுகள். இந்த மேட்டில் அவை ஒன்றுக்கொன்று கை கொடுக்கின்றன.

வாட்டிலுக்கு இன்னும் பல பலம் உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் பிடித்து, ஏழை மண்ணுக்குப் பழகிய புல்லின் தரையையே மாற்றிவிடும். வெட்டினால் வேரிலிருந்து கிளைக்கும். விதைக்குத் தடித்த ஓடு, மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் அந்த ஓடு வெடித்துக் கூட்டமாக முளைக்கும். கோடையில் மேல்மலையில் தீப்பிடித்த செய்தி வரும்போதெல்லாம் நாம் எரிந்த மரங்களை நினைத்து வருந்துகிறோம். நான் பயப்படுவது அடுத்த மழைக்கு அந்தச் சாம்பலில் முளைக்கப் போவதை நினைத்து.

யாருக்கு வீடு போனது

நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. கிட்டத்தட்ட சிட்டுக்குருவி அளவுதான். புல்லுக்குள்ளேயே ஓடி இரை பிடித்து, புல் தூருக்குள்ளேயே கூடு கட்டும். உயரமான மேடுகளின் புல்தான் அதற்கு வேண்டும். மரத்தில் போய் ஒட்டிக்கொள்ளத் தெரியாது. மேடு மேடாக வாட்டில் ஏறும்போது அதற்கு இடம்பெயர மேலே மலை மிச்சமில்லை. பழனி மலையிலும் அதன் அண்டை மலைகளிலும் மட்டும் வாழும் பழனிச் சிரிப்பானுக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அது சோலை ஓரத்துப் பறவை, தோட்டத்துக்கும் வரும். ஒரே மலை, ஒரே மாற்றம். ஆனால் அடி எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை.

வரையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநில விலங்கு. திறந்த வெளியில் மேயும், கண்ணால் பார்த்துத்தான் ஆபத்தை அறியும், ஆபத்து வந்தால் செங்குத்துப் பாறைக்கு ஓடிவிடும். பார்வைக்கு மரம் மறைத்தால் அந்த இடத்தைத் தவிர்க்கும். மேயவும் புல் இருக்காது. தமிழ்நாடு அரசு 2022-இல் வரையாட்டுக்கென்று தனித் திட்டம் அறிவித்தது. 2024-இல் மாநிலம் முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள், அடுத்த வருடம் 1,303. எண்ணிக்கை கூடியது மகிழ்ச்சிதான். ஆனால் அவை பெரும்பாலும் ஆனைமலையிலும் முக்குருத்தியிலும் இருப்பவை. பழனி மலையில் வரையாடு பாறை விளிம்புகளில் சிறு சிறு கூட்டமாக ஒதுங்கிக் கிடக்கிறது.

காட்டுமாடுகள் வேறு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டன. கொடைக்கானல் ஏரிச் சாலையில், பள்ளி வாசலில், வீட்டுத் தோட்டத்தில் டன் எடையுள்ள காட்டுமாடு நின்று மேய்வது இன்று சாதாரணக் காட்சி. ஆட்கள் முட்டப்பட்டிருக்கிறார்கள், உயிரும் போயிருக்கிறது. வழிமறிக்கும் வேலிகள், ஊருக்குள் கிடைக்கும் குப்பை, வெட்டிப் பராமரித்த புல்தரைகள் எல்லாமே காரணம். ஆனாலும் மேய்கிற ஒரு பெரிய விலங்கிடமிருந்து அதன் மேய்ச்சல் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டு, அது ஏன் ஊருக்குள் வருகிறது என்று கேட்பது நியாயமாகப் படவில்லை.

செடிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புல்வெளி என்றால் வெறும் புல் இல்லை. தரை ஆர்க்கிடுகள், காசித்தும்பை வகைகள், ஈரமான பள்ளங்களில் பூச்சி பிடிக்கும் அழுகண்ணி, மேட்டில் தனியாக நின்று சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு. உறைபனியும் தீயும் தாங்கும் தடித்த பட்டை இருப்பதால் காட்டுப்பூவரசு மட்டும் புல்லுக்குள் நிற்கத் தெரிந்த நம் மரம். அடர்ந்த வாட்டில் நிழலில் புல்லோடு சேர்ந்து இவை ஒவ்வொன்றாக ஒடுங்குகின்றன.

தண்ணீர்க் கணக்கு

மலையின் புல் கீழே இருப்பவர்களுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். பழனி மலையின் ஓடைகள் வைகைக்கும் அமராவதிக்கும் போகின்றன. பெரியகுளத்துக்குக் குடிநீர் பேரிஜம் ஏரியிலிருந்து இறங்குகிறது.

புல்லை எடுத்துத் தைல மரம் வைத்தால் தண்ணீர் என்னாகும் என்பதை ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1960-களின் கடைசியிலிருந்து க்ளென்மார்கனில் அளந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். இன்னொன்றில் பாதிக்குச் சற்று மேல் பரப்பில் தைல மரம் நட்டார்கள். முதல் பத்து வருடச் சுற்றில் மரம் வைத்த பக்கம் ஓடைக்கு வந்த தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் மறுதளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம். மரம் இருந்தால் மழை வரும், தண்ணீர் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எங்கே, எந்த மரம், எதை எடுத்துவிட்டு வைத்த மரம் என்று யாரும் கேட்கச் சொல்லித் தரவில்லை.

இதற்கிடையே விவசாயமும் புல்லைத் தின்றிருக்கிறது. கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. படிக்கட்டு வயல்கள் அழகாகவே இருக்கின்றன. 2018-இல் வந்த பழனி மலை ஆய்வில் புல்லிழப்புக்கு மரத்தோட்டங்கள்தான் முதல் காரணம், விவசாயம் அதற்கு அடுத்துதான். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழியெல்லாம் கடைசியில் மேல்மலைச் சம்சாரியின் தலையில் வந்து விழுவது வழக்கம்.

சரி, வெட்டிவிட்டால் முடிந்ததா?

இங்கேதான் இந்த விஷயம் சிக்கலாகிறது. அந்நிய மரங்களை அகற்ற வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவுகள் வந்தன. 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்று ஒரு கொள்கையும் வெளியிட்டது. நோக்கம் சரி. ஆனால் மீட்பு என்றதும் பலர் மனதில் எழுந்தது மறுபடி மரம்தான். வாட்டிலை எடுத்துவிட்டுச் சோலைக்கன்று நடுவோம் என்றார்கள். புல்லாக இருந்த மேட்டில் சோலையை நட்டால் அது மீட்பு அல்ல. இரண்டாவது முறையும் அதே தவறு.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. வட்டக்கானலில் பல வருடம் தங்கிச் சோலைச் செடிகளை வளர்த்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் ஒன்றைக் கவனித்தார்கள். வயதான வாட்டில் தோட்டங்களின் நிழலில் சோலை மரங்கள் தானாக முளைத்து வருகின்றன. உறைபனி இறங்காத அந்தக் கூரை அவற்றுக்கு வசதியாகிவிட்டது. அப்படிப்பட்ட தோட்டத்தை மொட்டையடித்தால் இளம் சோலையும் போகும். வெயில் பட்ட மண்ணில் தூங்கும் வாட்டில் விதை மொத்தமும் எழும். ஒன்றை இழந்து எதையும் பெறாத வேலை அது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். முதலில் மிச்சமிருக்கும் புல்மேடுகளைக் காப்பாற்ற வேண்டும். அவற்றின் ஓரத்தில் இப்போதுதான் ஏறும் இளவாட்டிலை வேரோடு பிடுங்குவது செலவு குறைந்த வேலை, பலனும் நிச்சயம். ஒரு முறை பிடுங்கிவிட்டு ஒப்பந்தத்தை முடிப்பதில் பயனில்லை, அதே இடத்துக்கு வருடா வருடம் திரும்பி வர வேண்டும். சோலைக்கன்று நிறைந்த பழைய தோட்டங்களை அப்படியே விட்டுவிடலாம், அவை சோலையாகட்டும். அங்கே புல் திரும்பாது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தோட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, இந்த மலையின் புல்லையே நாற்றாக வளர்த்து நட வேண்டும். புல்லுக்கு நாற்றங்கால் போடுவது நெல் பயிரிடும் நமக்குப் புதிதல்ல. ஆனாலும் வனத்துறையின் கணக்கில் இன்னமும் ‘எத்தனை மரக்கன்று நட்டோம்’ என்ற பத்திதான் பெரிதாக இருக்கிறது. அதோடு, இன்று வாட்டில் விறகில் அடுப்பெரிக்கும் வீடுகள் மலையில் நிறைய உண்டு. அகற்றும் மரம் முதலில் அவர்கள் அடுப்புக்குப் போக வேண்டும், அகற்றும் கூலியும் அவர்களுக்கே கிடைக்க வேண்டும்.

இந்த வேலைக்கு ஒரு கெடு இருக்கிறது. நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை கூட்டமாகப் பூத்து, விதை உதிர்த்து, தாய்ச்செடிகள் ஒன்றாக மடிந்துவிடும். அந்த வருடம் மேடுகளில் விழுந்த விதைகள் முளைத்து இப்போது புல்லுக்குள் புதராக நிற்கின்றன. ஒரு வாட்டில் கன்று வளர்ந்து தலைக்கு மேல் கூரை போட்டுவிடப் பன்னிரண்டு வருடமே அதிகம். அடுத்த பூப்பு 2030-இல் வரும். எந்தெந்த மேட்டில் நீலம் தெரியப்போகிறது என்பது இந்தச் சில வருடங்களில் யார் எந்தச் சரிவில் ஏறி இளவாட்டிலைப் பிடுங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது.